தம்பி கொண்டுவந்த சிவப்பு வைன்

தம்பி இருபத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு பிரான்சிலிருந்து வந்து இறங்கியபோது, பெட்டியிலிருந்து கடைசியாக வெளியே எடுத்தது ஒரு வைன் போத்தல். குளிக்கும் துவாயில் சுற்றி, அதன் மேல் இரண்டு சேட்டுகளையும் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். சாக்லேட், சவர்க்காரக் கட்டிகள், எனக்கென்று ஒரு தடித்த கம்பளிச் சட்டை எல்லாம் கட்டிலில் பரவிக் கிடந்தன. யாழ்ப்பாணத்து வெயிலில் அந்தச் சட்டையை எப்போது போடுவது என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் துவாயை மெதுவாகப் பிரித்தான்.

கதிரையில் இருந்த அப்பா மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உதென்ன போத்தில்?"

"வைன், அப்பா. சிவப்பு வைன்."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

அப்பாவுக்கு அப்போது எண்பத்தொரு வயது. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவர். தெல்லிப்பழையில் எங்கள் சபை அமெரிக்க மிஷன் வழிவந்தது. தேவாலயத்தில் கொடுக்கும் திருவிருந்துக்குக்கூடப் புளிக்காத பழரசம்தான். பல வருடங்களாக அந்த ரசத்தைக் காய்ச்சி வடித்துக் கொடுப்பதே நான்தான். ஆனால் அப்பாவின் பிடிவாதம் சபையிலிருந்து மட்டும் வந்ததல்ல. அவருடைய அண்ணன் முப்பத்து நான்கு வயதில் சாராயத்தால் செத்தவர். ஈரல் கெட்டு, வயிறு ஊதி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினொரு நாள் கிடந்தாராம். பதினொரு நாளும் பக்கத்தில் இருந்தவர் அப்பா. அதைப்பற்றி அவர் எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார்.

"இந்த வீட்டுக்குள்ளை உது வேண்டாம்" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

தம்பி போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் அதை வாங்கிச் சமையலறை அலுமாரியில் மா வைக்கும் தகரப் பேணிக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாள் காலை நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் இருந்தான்.

"அப்பாவை உனக்குத் தெரியாதே? ஏன்டா உதைக் கொண்டுவந்தனீ?" என்று கேட்டேன்.

"அக்கா, அது கடையிலை வாங்கினதில்லை. நான் செய்தது."

எனக்கு விளங்கவில்லை. அவன் ஒரு பழக் கொம்பனியில் வேலை செய்வதாகத்தான் இத்தனை வருடமும் சொல்லியிருந்தான். அப்பாவும் கேட்பவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லி வந்தார்.

"பழக் கொம்பனி எண்டனீ?"

"முந்திரிகையும் பழந்தானே" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்வோம். போன புதிதில் பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியிருக்கிறான். ஒரு சிநேகிதன் மூன்று கிழமை வேலை இருக்கிறது என்று தெற்கே, ரோன் ஆற்றுப் பக்கம், முந்திரிகை பறிக்கக் கூட்டிப் போயிருக்கிறான். சிநேகிதன் திரும்பிவிட்டான். தம்பி அங்கேயே நின்றுவிட்டான். முதல் வருடம் இரவில் முதுகு நிமிராமல் அழுததாகச் சொன்னான். பிறகு கொடி வெட்டினான், பீப்பா கழுவினான், நிலவறையில் உதவிக்கு நின்றான். இப்போது மூன்று வகைப் பழத்தின் ரசத்தில் எதை எவ்வளவு கலப்பது என்று தோட்டத்துச் சொந்தக்காரி தீர்மானிக்கும்போது இவனும் பக்கத்தில் நின்று சுவைத்துப் பார்ப்பானாம்.

"அவ என்னைக் கேக்காமல் கலக்கிறேல்லை, அக்கா" என்றான். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் நிமிர்ந்திருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடமும் சொல்லிவிட்டான். அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

தம்பி தலை குனிந்தான். "ஓம் அப்பா. அம்மாவுக்குச் சொன்னனான்."

அம்மா போய் எட்டு வருடம். அந்தச் செத்தவீட்டுக்கு அவனால் வரமுடியவில்லை. அவனுடைய வதிவிடப் பத்திரங்கள் அப்போது சரிவரவில்லை. கைபேசியில்தான் பார்த்தான். அம்மா தெரிந்தும் சொல்லாமலே போய்விட்டார் என்பது அப்பாவை எப்படிக் குத்தியிருக்கும் என்று எனக்குப் புரிந்தது. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். இரண்டு நாள் தம்பியுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி கிணற்றடியைக் கூட்டினான், படலைக் கீலுக்கு எண்ணெய் விட்டான், ஒரு வேலையும் இல்லாதபோது வேலியோரமாக நடந்தான். திரும்பும் பயணத்தை முன்னுக்கு எடுத்துப் போய்விடட்டுமா என்றுகூட என்னிடம் கேட்டான்.

மூன்றாம் நாள் காலை விறாந்தையிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்சை வா. உந்த முந்திரிகை விளையிற இடத்திலை வருஷத்துக்கு எவ்வளவு மழை?"

அப்பா முப்பது வருடம் பூமிசாஸ்திரம் படிப்பித்தவர்; தம்பிக்கும் அவரே வாத்தியார். தம்பி தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். மழை குறைவு, அதுவும் மாரியிலும் வசந்தத்திலும்தான். கோடை முழுக்க வறட்சி. வடக்கிலிருந்து ஒரு காற்று நாள்கணக்காக அடிக்கும், ஆளைத் தள்ளும். ஆனால் அந்தக் காற்றுத்தான் குலையை ஈரமில்லாமல் காயவைத்துப் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கிறது.

"மண்?"

"மண்ணே தெரியாது அப்பா. எல்லாம் உருண்டைக் கல்லு. சிலது தேங்காயளவு. பகல் வெயிலைக் குடிச்சு வைச்சிருந்து இரவிலை கொடிக்குச் சூடு குடுக்கும்."

"ஆறு கொண்டுவந்து போட்ட கல்லு" என்றார் அப்பா. "முந்தி ஆறு அதாலை ஓடியிருக்கும். ஏன் மூண்டு பழத்தைக் கலக்கிறியள்? ஒண்டு போதாதோ?"

"ஒண்டிலை இனிப்பு. ஒண்டிலை நிறமும் காரமும். மற்றது குடிச்ச பிறகும் வாயிலை நிக்கும். அதோடை, ஒரு வருஷம் ஒண்டு பிழைச்சாலும் மற்றது கைகுடுக்கும்."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "உனக்கு நான் பூமிசாஸ்திரத்திலை எஸ் தானே போட்டனான், அரும்பொட்டுப் பாஸ்" என்றார்.

"ஓம்."

"அதுவும் இரக்கப்பட்டுப் போட்டது."

நான் சமையலறைக்குள் நின்று சிரிப்பு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் ஓட்டோவில் உரும்பிராய்க்குப் போனோம். திருவிருந்துக்குப் பழம் வாங்கும் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. என்னிலும் சற்று மூத்த ஒரு பெண் தனியாக நடத்துகிறார். செம்மண்ணில் கொங்கிறீட் தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் முழுக்கக் கருநீலக் குலைகள். தம்பி உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். அங்கே கொடி இடுப்பளவுக்குக்கூட வராது, குனிந்துதான் பறிக்கவேண்டும் என்றான்.

"அப்ப அங்கை குனிஞ்சு நாரி போகும், இஞ்சை அண்ணாந்து கழுத்துப் போகும். எங்கையும் சுகமில்லை" என்றார் அந்த அக்கா.

அவர் முகம் அன்று நல்லாயில்லை. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பறிக்க வரச் சொன்ன நாலு பேரில் ஒருவர்தான் வந்திருந்தார். பழுத்த முந்திரிகையில் மழை பட்டால் தோல் வெடித்துவிடும். பிறகு ஈயும் எறும்பும்தான்.

தம்பி சேட்டுக் கையை மடித்துவிட்டு, கிடந்த கத்தரிக்கோலை எடுத்தான். நானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன். நான் ஒரு குலை வெட்டுவதற்குள் அவன் ஆறு வெட்டினான். குலையைப் பிடிக்காமல் காம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, பழத்தின் மேலுள்ள வெள்ளைப் பூச்சு அழியாமல் கூடையில் கிடத்தினான். அவன் இடது பெருவிரலில் நீளமாக ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. வந்து ஒரு கிழமையாகியும் நான் அதைக் கவனிக்கவில்லை.

அப்பா கிணற்றடியில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனது. முதல் தூறல் விழுந்தபோது ஒரு மூலைதான் மிச்சம்.

"நல்ல பிள்ளை ஐயா. இந்த வேலை தெரிஞ்ச கை" என்றார் அந்த அக்கா அப்பாவிடம்.

"ஓம். அவன் அங்கை வைன் செய்யிறவன்" என்றார் அப்பா.

தம்பி மழையில் கூடையோடு நின்றவன் திரும்பிப் பார்த்தான். அப்பா அவனைப் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து கோழிக்கறியும் சோறும் மேசையில் வைத்தபோது, அப்பா, "அந்தப் போத்திலை எடுத்துக்கொண்டு வா, பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். மது நுழையாத வீட்டில் தக்கை இழுக்கும் கருவி எங்கே இருக்கும்? தம்பி ஒரு திருகாணியைத் தக்கையில் முறுக்கி, குறட்டால் பிடித்து இழுத்தான். தேத்தண்ணிக் கிளாசில்தான் ஊற்றினோம். அப்பா கிளாசைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், மணந்து பார்த்தார், மேசையில் வைத்தார்.

"நான் குடிக்கமாட்டன். அண்ணையின்ரை நினைவு வரும். நீங்கள் குடியுங்கோ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"பரவாயில்லை அப்பா" என்றான் தம்பி. அவன் கண் கலங்கியிருந்தது.

ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாக நான் வைன் குடித்தேன். நான் காய்ச்சும் ரசம்போல இனிக்கும் என்று நினைத்திருந்தேன். நாக்கு வறண்டு, நாவற்பழம் தின்றதுபோல இழுத்துப் பிடித்தது.

"எப்படி அக்கா?"

"பொய் சொல்லட்டோ, உண்மை சொல்லட்டோ?"

"உண்மை."

"எனக்குப் பிடிக்கேல்லையடா."

அவன் வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். மீதியை அவன் மூன்று நாளாகக் கொஞ்சங் கொஞ்சமாக, அப்பாவின் முன்னாலேயே இருந்து குடித்து முடித்தான்.

அவன் திரும்பிப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இப்போது ஞாயிறுகளில் கைபேசியில் தோட்டத்தைக் காட்டுவான். அப்பா காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார். சென்ற ஆவணியில், பறிப்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, அங்கே ஆலங்கட்டி மழை வரப்போகிறதாம் என்று சொல்லிவிட்டு வைத்தான். அன்று மாலைக் குடும்ப ஜெபத்தில் அப்பா வழக்கம்போல நோயாளிகளுக்கும் பிரயாணிகளுக்கும் ஜெபித்தார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆண்டவரே, ரோன் கரையிலை நிக்கிற கொடிகளையும், அதிலை பாடுபடுகிற பிள்ளைகளையும் காத்துக்கொள்ளும்" என்றார். நான் ஆமென் சொன்னேன்.

ஆலங்கட்டி விழத்தான் விழுந்தது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அடுத்த நாள் தம்பி அழைத்துச் சொன்னபோது அப்பா கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மிச்சத்தைப் பறிக்க ஆக்கள் வந்திட்டினமோ?" என்று கேட்டார்.