வீட்டில் பார்த்துக்கொள்பவர்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் ஒரு மனிதனை அடித்த கதை இது. சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

கெலிஓயாவில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்து, கால் உடைந்து, கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். (அந்த பஸ்காரனைப் பற்றித் தொடங்கினால் பேத்தியின் கொப்பி போதாது.) பக்கத்துக் கட்டிலில் மடுல்கெல்லைத் தோட்டத்துப் பெண். கை முறிந்து, உதடு கிழிந்து, ஒரு கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. மலையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நானும் மலையில் கொழுந்து பறித்தவள்தான். விழுந்தால் முழங்கால் போகும், இடுப்புப் போகும். கழுத்தில் ஐந்து விரல் பதியாது. மறுநாள் ஆஸ்பத்திரித் துண்டை வெட்டி அவளை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். கூட்டிப்போகப் புருஷன் வருவான் என்ற பயத்தில் அவள் சோற்றைத் தொடவேயில்லை.

அன்று பகல், தாதிமாருக்குப் படிப்பிக்கும் ஒரு பிள்ளை தாள்களோடு வந்தாள். கலகெதரப் பக்கம், முக்காடு போட்ட பிள்ளை. மிஸ்ஸிமார், அதுதான் தாதிமார், நோயாளிகளை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று கேட்கும் இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழில் ஆக்கியிருக்கிறாளாம். அது எங்களுக்கு விளங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"மார்க் ஒங்களுக்கில்ல உம்மா, என்ட கேள்விகளுக்குத்தான்."

"அப்ப ஃபெயிலானா நீதானே மகளே ஃபெயிலு?" என்றேன். சிரித்துவிட்டாள்.

என்னிடம் வாசித்ததற்கெல்லாம் "ரொம்ப நல்லம்" என்றேன். பிறகு பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். அங்கே புருஷன் அன்றைக்கே பார்க்க வந்து உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா அண்ணே?"

"எனக்குத் தெரியாம என் பொஞ்சாதிக்கிட்ட என்னா கேள்வி? இங்கனயே கேளு."

பிள்ளை வாசித்தாள்: "வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்பவருக்குத் தாதியர் விளக்கம் கொடுத்தார்களா?"

"குடுத்தாங்க," என்றான் அவன்.

"அவங்க சொல்லட்டும். தங்கச்சி, இந்தக் கேள்வி ஒங்களுக்கு எப்படி விளங்குச்சி? ஒங்க பேச்சிலயே சொல்லுங்க."

அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "வீட்டுல என்னைய யாரு பாத்துக்கிறாங்கன்னு கேக்குறீங்க. யாருமில்ல. கைய முறிச்சவருதான் இந்தா உக்காந்திருக்காரு."

பளாரென்று அறைந்தான். தைத்த உதடு பிளந்து தலையணை சிவந்தது. குறுக்கே வந்த பிள்ளையைத் தள்ளினான். அவள் நெற்றி கட்டில் கம்பியில் மோதியது. இரண்டு கையாலும் பெண்டாட்டியின் கழுத்தை நெரித்தான். என்னால் எழும்ப முடியாது. கைக்கு எட்டியது எவர்சில்வர் பெட்பேன்தான். தூக்கி மண்டையில் போட்டேன். அது காலியாகவும் இல்லை! அவன் முகமெல்லாம் வழிந்தது. இன்னொன்றும் போட்டேன். முதல் அடி அவளுக்காக. இரண்டாவது எதற்கென்று செத்துப்போன என் புருஷனுக்குத் தெரியும்.

"கெழட்டு நாயே!" என்று ரத்தத்தோடு என்மேல் பாய்ந்தான்.

"வாடா, இன்னும் மிச்சமிருக்கு!"

அதற்குள் நாலு பேர் அவனைத் தரையில் அமுக்கிப் பொலிஸில் கொடுத்தார்கள்.

மறுநாள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து அவளுடைய அக்கா வந்தாள். தாள்காரப் பிள்ளையும் நெற்றியில் பிளாஸ்டரோடு வந்து, அந்தப் 'பார்த்துக்கொள்பவர்' கேள்விக்கு முன்னால் புதிதாக எழுதியதை வாசித்தாள்: "நீங்கள் பயமில்லாமல் இருக்கக்கூடிய இடத்துக்குத்தான் போகிறீர்களா என்று தாதியர் கேட்டார்களா?"

"இது விளங்குதா தங்கச்சி?"

"விளங்குது," என்றாள் அவள், வீங்கிய உதட்டோடு. "நேத்து வரைக்கும் ஒருத்தரும் கேக்கல. அப்படியே எழுதுங்க."

பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு அக்காவோடு போனாள்.