மழைக்கோட்டுக் கொண்டக்டர்

வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ரயில் ஏறிய ஒரே தமிழன், எனக்குத் தெரிந்து, நித்தியானந்தன்தான். கிளென் வேவர்லி ஸ்டேஷனில் விடியற்காலையில் நிற்கிற வெள்ளைக்காரர்கள் வானத்தை ஒருதரம் பார்ப்பார்கள், பிறகு அவரை ஒருதரம் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். கோட்டுக்குள்ளே இருந்தது ட்ராம் கொண்டக்டரின் சீருடை. அது நம்மட சனத்தின் கண்ணில் படக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் அவருடைய மனைவி விமலாதேவி.

யாழ்ப்பாணத்தில் அவர் பொதுவேலைத் திணைக்களத்தில் ஓவர்சியராக இருந்தவர். அந்தப் படிப்பை மெல்பேணில் ஒரு கந்தோரும் சீந்தவில்லை. அலைந்து களைத்து, கிடைத்த ட்ராம் வேலையில் சேர்ந்தார். மனுசனுக்கு அந்த வேலை பிடித்துப்போனது என்பதுதான் வேடிக்கை. கயிற்றை இழுத்து மணியடித்தால் அத்தனை பெரிய வண்டி அசைகிறதே, அதில் அவருக்கு ஒரு குஷி. ஆனால் விமலாதேவி ஒரு பிறந்தநாள் விருந்தில் "இவர் ட்ராம்வேயில என்ஜினியர்" என்று சொல்லி வைத்துவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? சீருடை குளியலறைக்குள் காய்ந்தது. வேலையும் தமிழர் தலை காட்டாத வடக்குப் பக்கம், பிறன்ஸ்விக் டிப்போவில்.

அந்த பிறன்ஸ்விக் ட்ராமில்தான் ஒபியோரா ஏறுவார். நைஜீரியாக்காரர். தன் நாட்டு யுத்தத்தில் தப்பி வந்தவர். வியாழக்கிழமை தோறும் வருகிற ஒரு பத்திரிகையில் அவருக்கென்று ஒரு பக்கம், மூலையில் அவர் படம். குடிவந்த சனமெல்லாம் அவருக்குக் கடிதம் எழுதியது. தையல் ஆலையில் கை தேய்ந்த கிரேக்கப் பெண், பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததால் ஊரைவிட்டு ஓடிவந்த சிலி நாட்டு வாத்தியார், வீட்டு வாடகை கட்ட முடியாத இத்தாலியக் கிழவர், எல்லாரும் மனதில் உள்ளதைக் கொட்டினார்கள். ஒபியோரா அவற்றைப் போட்டு, கீழே நறுக்கென்று தன் பதிலையும் எழுதுவார். பெரிய இடத்து ஆட்கள்கூட அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பேச்சு. அவர் கடிதங்களைப் பிரித்து வாசிப்பதே ட்ராமில்தான். சில கடிதத்துக்குச் சிரிப்பார். சில கடிதத்தை மடித்து வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணியில் தமிழர்மேல் பாய்ந்த கலவரத்தில் நித்தியானந்தனின் அக்கா பவளத்தின் கொழும்பு வீடு எரிந்துபோனது. அத்தான் கண்மூடி ஒரு வருசம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளோடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கி, யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டு அறையில் முடங்கிக் கிடந்தார் அக்கா. அவரை இங்கே கூப்பிட நித்தியானந்தன் குடிவரவுத் திணைக்களத்தில் மனுப் போட்டார். உரிய காலத்தில் கவனிக்கப்படும் என்று ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான். பிறகு எத்தனை தரம் ஏறி இறங்கினாலும் அதே பல்லவி.

ஒபியோராவுக்கு எழுதினால் என்ன என்று தோன்றியதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரவோடு இரவாக எழுதினார். எழுதியவர் சொந்தப் பேரைப் போட்டாரா என்றால் இல்லை. கொழும்புப் பத்திரிகைகளுக்கு எழுதிய பழக்கம். அங்கே யார் சொந்தப் பேரில் எழுதினார்கள்? 'நியாயவாதி' என்று கையெழுத்து வைத்தார்.

அடுத்த கிழமை ஒபியோரா 'நியாயவாதி'யின் நீல உறையைக் கிழித்தபோது நித்தியானந்தன் பக்கத்தில்தான் நின்றார். ஒபியோரா முதல் பக்கத்தை வாசித்தார், இரண்டாம் பக்கத்தை வாசித்தார், திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். இறங்குகிற இடத்தையும் தவறவிட்டார். இனிக் கதை அச்சில்தான் என்று நித்தியானந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்கு எவ்வளவு மிச்சம் கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாது.

வியாழக்கிழமை பத்திரிகையில் கடிதம் இல்லை. பக்கத்தின் அடியில் நாலு வரி மட்டும் இருந்தது.

"நியாயவாதி அவர்களே, உங்கள் அக்காவை நினைத்து எனக்கு இரவில் தூக்கம் இல்லை. ஆனால் பேர் இல்லாத ஒருவரின் அக்காவுக்குக் கதவைத் திற என்று நான் யாரைப் போய்க் கேட்க? என் நாட்டு யுத்தத்தில் பேர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அதனால் பேர் இல்லாத எதையும் நான் அச்சிடுவதில்லை. உங்கள் பேரையும் செய்கிற தொழிலையும் எழுதுங்கள். மிச்சத்தை நான் பார்க்கிறேன்."

நித்தியானந்தன் பத்திரிகையைக் குசினி மேசையில் விரித்து விமலாதேவிக்குக் காட்டினார்.

"பேரைப் போடப்போறன்."

"பேரைப் போடுங்கோ. தொழில் என்னத்துக்கு?"

"அந்தாள் கேக்குது."

"என்ஜினியர் எண்டு எழுதுங்கோவன்."

"பொய்யை எழுதிப்போட்டு அக்காவைக் கூப்பிடச் சொல்லுறீரோ?"

விமலாதேவி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டொக்டர் வரதராஜா வீட்டில என்ன கதைப்பினம் எண்டு யோசிச்சனீங்களே? நான் பிறகு எந்த முகத்தோட கோயில் கூட்டத்துக்குப் போறது?"

நித்தியானந்தன் பத்திரிகையை மடித்தார். மனைவி பாவம் என்றுதான் நினைத்தார். அக்கா அதைவிடப் பாவம். மறுநாள் டிப்போவில் தேநீர் குடிக்கிற நேரத்தில் புதுக் கடிதம் எழுதினார். பேர், தொழில், வீட்டு விலாசம் எல்லாம் போட்டார். கடைசியில் இப்படி முடித்தார்: "காலையில் ஏழு ஐம்பது ட்ராமில் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். தலையை நிமிர்த்துங்கள். உங்களுக்கு டிக்கெட் தந்தவன் நான்தான்."

ஒபியோரா தலையை நிமிர்த்தினார். முதலில் அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு இந்தப் பக்கம். தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற ஒல்லி மனிதரைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. பின்னால் நின்ற ஒரு கிழவி, யாருக்காவது மணியடிக்க எண்ணம் உண்டா என்று கேட்ட பிறகுதான் ட்ராம் நகர்ந்தது.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. முழுக் கடிதமும் வந்தது, தலைப்பில் கொட்டை எழுத்தில்: 'ட்ராம் கொண்டக்டர் நித்தியானந்தன் எழுதுகிறார்'.

வீட்டுக்கு வந்தால் விமலாதேவி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். தொலைபேசி அடித்தது. எடுத்தார், "ஓம்" என்றார், "ஓம், அவர்தான்" என்றார், வைத்தார். திரும்பவும் அடித்தது. வரதராஜாவின் மனைவி இரஞ்சிதத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். சனம் ஏளனம் பண்ணுகிறது, இவள் எனக்காக வாங்கிக் கட்டுகிறாள் என்று நித்தியானந்தன் நினைத்தார். வியாழனும் வெள்ளியும் வீட்டில் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை மழைக்கோட்டைத் தேடினார். சுவர்க் கொளுவியில் இல்லை. கட்டிலுக்குக் கீழேயும் இல்லை. நேரமும் போய்விட்டது. சரி, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று வெறும் சீருடையோடு ரயில் ஏறினார். இத்தனை வருசத்தில் முதல்முறையாக வேர்க்காமல் போய் இறங்கினார்.

ஏழு ஐம்பது ட்ராமில் ஒபியோரா பாய்ந்து ஏறினார். "நித்தி, நேற்று எனக்கு ஒரு தொலைபேசி. தேர்தலுக்கு நிற்கிற ஒருவர். உங்கள் கடிதத்தைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கோப்பைத் தேடி எடுத்துவிட்டார்களாம். திங்கட்கிழமை உங்களை நேரில் வரச் சொல்கிறார்கள்."

நித்தியானந்தன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அக்கா, அக்கா என்று மனசு அடித்துக்கொண்டது. நல்லகாலம், ஏதாவது சொல்லி அழுது தொலைக்க முதல் அடுத்த தரிப்பு வந்துவிட்டது.

தரிப்பில் சேலைகள் நின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். முன்னால் டொக்டர் வரதராஜா, கழுத்துப்பட்டியோடு. பக்கத்தில் இரஞ்சிதம் அன்ரி. பின்னால் மல்கிரேவில் இருந்து வந்த ஆனந்தராஜா குடும்பம். அவர்கள் காரை எங்கேயோ விட்டுவிட்டு, ட்ராமில் எந்தக் காலால் ஏறுவது என்று தெரியாமல் முண்டியடித்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடித உறை.

"தம்பி, உந்த நைஜீரியாக்காரர் எங்கை இருக்கிறார்?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் வரதராஜா. "என்ர தம்பிக்காரன்ர மனுவும் ஒரு வருசமாக் கிடக்குது. பேர், தொழில் எல்லாம் போட்டு எழுதியிருக்கிறன்."

ஒபியோராவைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கடிதம் நீண்டது. அவர் மடியில் இடமில்லாமல் தொப்பியைக் கழற்றிப் பிடித்தார். உறைகளால் தொப்பி நிறைந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். ஏளனம் செய்யத்தான் ஒருவரையும் காணவில்லை. இரண்டு நாளாக அடித்த தொலைபேசியெல்லாம் இந்த ட்ராமை விசாரித்துத்தான் போலும்.

கடைசியாக ஏறியவர் விமலாதேவி.

கல்யாணக் கூறைச்சேலை உடுத்திருந்தார். முன் இருக்கையில் போய் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து, சில்லறையை எடுத்து நீட்டினார். நித்தியானந்தன் வாங்காமல் நின்றார்.

"என்னப்பா பாக்கிறியள்? இன்ஸ்பெக்டர் வந்தால் உங்களைத்தான் பிடிப்பான்."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். விமலாதேவி அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். பிறகு திரும்பிப் பார்த்தால், ஏறிய சனத்தில் ஒருவரும் காசு எடுக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"டொக்டர், அன்ரி, எல்லாரும் காசை எடுங்கோ பாப்பம். என்ர மனுசன் இந்த ட்ராமுக்குக் கொண்டக்டர். அவர் எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிக்கிறது?"

ட்ராம் முழுவதும் பைகள் திறந்தன. விமலாதேவி ஒவ்வொருவரிடமும் வாங்கி வாங்கிக் கொடுக்க, நித்தியானந்தன் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். கண்ணீர் கண்ணை மறைத்தது. ஒபியோரா சொன்ன செய்தியை மனைவியின் காதில் சொன்னார். விமலாதேவி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"கோட்டைத் தேடினனீங்களோ காலமை?"

"ஓம். காணேல்லை."

"கழுவி மடிச்சு வைச்சிட்டன். பவளம் மச்சாள் வந்து இறங்கேக்க போட ஒண்டு வேணும். அவவுக்கு இந்த ஊர்க் குளிர் பழக்கமில்லை."

நித்தியானந்தன் கயிற்றை இழுத்து மணியடித்தார்.