சவரியார் சுமந்த பழி

சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சவரியாருக்கு வேலை. கல்யாணமான புதிதில், பட்டறையில் கிடந்த பழைய டியூபை வெட்டி எடுத்துவந்து, வீட்டில் கட்டில் கால், பீரோ முனை என்று கூராக இருந்ததையெல்லாம் சுற்றிக் கட்டினார். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. மனைவி ஹெலனுக்கு லேசாக இடித்தாலே போதும், கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போகும்.

ஹெலனின் அக்கா இசபெல்லாவுக்கு அந்த ரப்பர் கண்ணில் படவில்லை. தங்கை கையிலிருந்த நீலம்தான் பட்டது.

"அடிக்கறானாடி?"

"ஐயோ, இல்லக்கா. வாளி இடிச்சிருச்சு."

"போன மாசம் கதவு, இந்த மாசம் வாளி. உங்க ஊட்டுச் சாமானுக்கெல்லாம் கை மொளைச்சிருக்குதா?"

மாதா கோயில் சாமியாரிடமே போய்ச் சொன்னாள். அவர் கூப்பிட்டு விசாரித்தபோது சவரியார், "நான் கை நீட்டுனதில்லைங்க சாமி" என்று ஒரு தடவை சொன்னார். அதோடு சரி. பதினோரு வருசம் அந்தப் பழி அவர் மேலேயே கிடந்தது. எடப்பாடியிலிருந்து இசபெல்லா வந்தால் அவர் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டாள்.

இந்தத் தவக்காலத்தில் ஒரு நாள் ஹெலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். உள்ளே ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று சேலம் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்தார்கள். உயிர் தங்கியது ஆண்டவர் கிருபை. டாக்டரம்மா இசபெல்லாவையும் சவரியாரையும் உட்காரவைத்துக் கேட்டார்.

"உங்க அம்மா எப்படி இறந்தாங்க?"

"தலையில நரம்பு வெடிச்சுங்க. நாப்பத்திரண்டு வயசு," என்றாள் இசபெல்லா.

"தாய்மாமா?"

"அவரு நெஞ்சுவலிங்க. அது வேற சீக்கு."

"வேற இல்லம்மா. ரத்தக்குழாய்க்கு உறுதி குடுக்கற மரபணுவுல ஒரு குறை, பரம்பரையா வருது. தலையில வெடிச்சா ஒரு பேரு, நெஞ்சுல வெடிச்சா ஒரு பேரு. தோலுக்கடியில பொடிக்குழாய் உடைஞ்சா நீலம். கூடப்பொறந்த உங்களுக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாம். ரத்தம் குடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு இருந்தா, பிள்ளைக்கும் பாக்கணும்."

இசபெல்லா எடப்பாடியில் தறி ஓட்டுகிறவள். தறி இடித்தது என்று அவள் நினைத்திருந்த நீலம் சேலைக்குள் கெண்டைக்காலில் இருந்தது. ஒரே மகள் பிரீத்தி, ராசிபுரத்தில் மாமியார் வீட்டில் ஏழு மாசக் கர்ப்பம். இந்தக் குறை இருந்தால் பிரசவமே ஆபத்து, பெரிய ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்று டாக்டரம்மா அதையும் சொல்லிவிட்டார்.

ரத்தம் கொடுத்தாள். முடிவு வர ஒரு மாசம் ஆகுமாம். ஜெபமாலை உருட்டினால் எந்த மணியில் நிற்கிறோம் என்பதே மறந்துபோனது. மகளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹெலனைப் பார்த்துவிட்டுத் திரும்பியவளைப் பஸ் ஏற்றிவிட, சேலம் பஸ் ஸ்டாண்டுக்குச் சவரியார் வந்தார்.

"மாப்ளை, நான் உங்கள வாய்க்கு வந்தபடி..."

"அதை விடுங்க. பிரீத்திகிட்டச் சொன்னீங்களா?"

"முடிவு வரட்டும். அவ மாமியா காதுல உழுந்தா, சீக்குக் குடும்பத்துப் பொண்ணுன்னு ஊரையே கூட்டிருவா."

சவரியார் சொன்னார்:

"நானும் வெக்கப்பட்டுட்டுத்தானுங்க வாய மூடிட்டு இருந்தேன். நான் அடிக்கலையே, அப்பறம் ஏன் நீலமாவுதுன்னு அன்னைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருந்தா, ஹெலனுக்கு இத்தனை தூரம் வந்திருக்காது. எடப்பாடி பஸ்ஸு வேண்டாமுங்க அக்கா. ராசிபுரம் பஸ்ஸு அங்க நிக்குது பாருங்க, ஏறுங்க."