நொச்சி ஆவியும் அண்ணியின் குரலும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரரின் அக்கா கல்யாணம் செய்துகொள்ளாமல் ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்தார். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். எழுபதுகளின் கடைசியில் அவருக்கு ஒரு கண் சில வாரம் மங்கலாக இருந்து, தானே தெளிந்தது. பிறகு கால் மரத்தது. அப்புறம் குரல். சொல்லைத் துண்டு துண்டாக்கி, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். திடீரென்று சத்தம் ஏறும், அடுத்த சொல்லில் வெறும் காற்றுதான் வரும்.

மதராஸில் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒயர் மேல் ரப்பர் உரிந்தது போல நரம்பின் உறை போய்விட்டதாம். நரம்புக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம்? சளிதான் என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்களாம்: "பிள்ளைங்களுக்கு நீங்க சொல்றது விளங்கல டீச்சர். காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம். அப்புறம் வீட்ல ஓய்வா இருங்க." அந்த வகுப்பை விட்டால் அண்ணிக்கு வேறு உலகம் கிடையாது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

தினமும் அண்ணி பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் நான் நொச்சி இலை கொதிக்கவைத்து, போர்வை போர்த்தி ஆவி பிடிக்க வைத்தேன். மிளகுப் பால் சூடாகக் கொடுத்தேன். ஃபேனையும் நிறுத்திவிடுவேன். குரல் இன்னும் மோசமானது. நான் இலையைக் கூட்டிப் போட்டேன்.

"நீயும் பேச மாட்ட, எனக்கும் பேச்சு வரல. வீடு நல்லா அமைதியா இருக்கு, போ" என்று திக்கித் திக்கிச் சிரிப்பார்.

ஆடிப் பதினெட்டுக்குக் காவேரிக்கரை அம்மா மண்டபத்தில் குளிக்கப் போனோம். புதுத் தண்ணீர், நல்ல ஜில்லிப்பு. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு படியில் கழுத்தளவு நீரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கரையேறியதும், விலையைக் கூட்டிச் சொன்ன கருகமணிக்காரியிடம், "ஏம்மா, போன வருஷம் இதே மணிதானே? இப்ப மட்டும் என்ன, காவேரியில மொளைச்சு வந்துச்சா?" என்றார். ஒரு சொல்கூட உடையவில்லை! நான் அப்படியே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், ஆற்றில் நனைந்தாரே, சளி பிடிக்குமே என்று நொச்சி ஆவி பிடிக்க வைத்தேன். போர்வையை எடுத்தபோது, "தண்ணி... கு... டு" என்றார். இத்தனை நாளும் அந்தக் குரலை அடைத்தது நானா?

அடுத்த வாரம் தில்லை நகர் டாக்டரிடம் போனோம். என் வீட்டுக்காரர்தான் பேசினார். நான் வழக்கம்போலக் கதவோரம். கிளம்பும்போது டாக்டர், "வேற ஏதாவது உண்டா?" என்றார். காலாண்டுப் பரீட்சை நெருங்கிவிட்டது. "நாந்தாங்க ஆவி பிடிக்க வெச்சேன்" என்றேன். முழுவதும் சொன்னேன். அழுதுவிட்டேன்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "இந்த வியாதிக்கு உடம்பு சூடானா ஆகாதும்மா. குளிர்ந்தா கொஞ்சம் தேவலையா இருக்கும். நீங்க பண்ணதால நிரந்தரமா ஒண்ணும் கெட்டுடல. இனிமே வேணாம்."

வெளியே வந்ததும் அண்ணி, "இவ்ளோ பேசுவியாடி நீ?" என்றார்.

வெயில் ஏறுவதற்குள் பேச்சு வேலையை முடித்துவிட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பெரிய டீச்சரிடம் காட்டினோம். வாய்ப்பாடும் பாட்டும் முதல் இரண்டு பீரியடில். மத்தியானம் எழுத்து வேலை மட்டும். ஜன்னலோரம் நாற்காலி. நான் ஈரத் துண்டும் மண்கூஜாவில் தண்ணீரும் கொடுத்தனுப்புவேன். அண்ணி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூச்சுக்கு இரண்டு சொல்லாகப் பாடம் நடத்தினார். காலாண்டு கழிந்தது, அரையாண்டும் கழிந்தது. வியாதி போகவில்லை. ஆனாலும் ஐந்து வருஷமோ ஆறு வருஷமோ வகுப்பில் இருந்தார்.

எத்தனை வருஷம் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அவரிடம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் அதைத் திருத்துங்கள். சூட்டைப் பற்றி நான் எழுதியது சரிதானா என்றும் விவரம் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். என்னைப் போல இன்னொருத்தியும் தெரியாமல் அடுப்பில் இலையைக் கொதிக்கவைத்துவிடக் கூடாது.