லூர்து வீட்டுக் கேதம்

சென்ற ஐப்பசி ஏழாம் தேதி, காலை பத்து இருபது. விடாத தூறல். பெரியகுளத்தில், என் மனைவிக்குப் பழக்கமான லூர்துவின் வீட்டுக்குக் கேதம் கேட்கப் போயிருந்தேன். அவள் மகன் பைக் விபத்தில் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. எங்கள் உத்தமபாளையத்திலிருந்து இப்படிப்பட்ட வீடுகளுக்கெல்லாம் போய்வருகிறவள் என் மனைவிதான். ஐந்து மாதத்துக்கு முன் அவளும் இறந்துவிட்டதால், அவள் இடத்தில் நான் போனேன்.

சும்மா இருக்கத் தெரியாமல் கேட்க ஆரம்பித்தேன்.

"எத்தன மணிக்கும்மா நடந்துச்சு? ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரத்துல கொண்டு போனாக? ஹெல்மெட் போட்டிருந்தானா?"

லூர்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா இருந்தா ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாக அண்ணே. எங்க வீட்டுக்காரர் செத்தப்ப, சோத்தப் பெசஞ்சு ஊட்டிவிட்டாக. பொழுது சாயிற வரைக்கும் இங்கனயே உக்காந்திருந்தாக."

எனக்கு அது தெரியாது. எழுந்து வந்துவிட்டேன்.

முப்பத்தெட்டு வருடத்தில், கேத வீட்டிலிருந்து திரும்பிய மனைவியிடம், அங்கே என்ன செய்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பஸ்ஸுக்கு எவ்வளவு ஆச்சு என்று மட்டும் கேட்பேன். இப்போது என்னை அப்படிக் கேட்கக்கூட வீட்டில் ஆள் இல்லை. அன்று போகவர ஆனது எழுபத்தெட்டு ரூபாய்.