ஒன்பது யூனிட் குடும்பம்

அந்த வட்டாரத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை. பரிசோதனைக் கூடம் ஒன்றின் சார்பில் வீடு வீடாகச் சென்று இரத்த மாதிரி எடுப்பது அவர் தொழில். ஆதலால் அனைவருக்கும் அவர் ‘கொசு அக்கா’. விடிந்தும் விடியாததுமாக வந்து, வலிக்காமல் குத்தி, எடுத்ததை எடுத்துக்கொண்டு மறைந்துவிடுகிறவரை வேறு எப்படித்தான் அழைப்பது? அவரும் அதை ஒரு பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

ஆனால் கொசுவுக்கு இறக்கை உண்டு, அக்காவுக்குப் பேருந்துதான். அது வராத நாள்களில், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வாயில் அவர் விழுந்து எழ வேண்டியிருந்தது. பரிசோதனைக் கூடத்தின் மேலாளரோ ஒருநாள் கூப்பிட்டு, “இன்னும் ரெண்டு மாசம் டைம் தரேம்மா. அதுக்கப்புறம் வண்டி வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான் வீட்டுக்குப் போற வேலை. உங்க பஸ்ஸுக்காக ரத்தம் காத்துக்கிட்டு இருக்காது” என்று முடித்துவிட்டார்.

வழி, மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் அச்சாகியிருந்தது. மாதம் நூறு யூனிட்டுக்குள் செலவழிக்கும் எளிய குடும்பங்களுக்கு மின் ஸ்கூட்டர். பாதி விலையை மின்சார நிறுவனமே ஏற்கும். மீதியை மாதக் கட்டணத்தோடு சிறுகச் சிறுகச் செலுத்தலாம். சார்ஜ் ஏற்றுவதற்குத் தனி மீட்டரும் இலவசம். விண்ணப்பித்த மாதத்தின் அளவீடே தகுதியைத் தீர்மானிக்கும்.

அக்கா உடனே விண்ணப்பித்தார். அவர் வீட்டில் எந்த மாதமும் எண்பத்தைந்தைத் தாண்டியதில்லை. எனவே அஞ்சுவதற்கு எதுவுமே இல்லை, கணவர் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

கணவர் தனிப்பயிற்சிக் கூடமொன்றில் விடைத்தாள் திருத்துபவர். உலகிலுள்ள அனைத்தும் அவருக்கு மதிப்பெண்தான்.

“நூத்துக்குள்ளன்னு போட்டிருக்கான். ஊர்ல பாதிப்பேர் எண்பது, தொண்ணூறுன்னு வந்து நிப்பாங்க. வண்டி எத்தனை வெச்சிருப்பான்? யார் கம்மியோ அவங்களுக்குத்தான் முதல் ரேங்க்!”

“ரேங்க்னு எங்கயும் எழுதலையேங்க.”

“எழுத மாட்டான். நாமதான் புரிஞ்சுக்கணும்.”

இந்தச் சமயம் பார்த்து, தம் வீட்டுக் கூரையைப் பழுது பார்க்கிறார்கள் என்று கணவரின் அக்காள் ஒரு மாதம் தங்க வந்து சேர்ந்தார். இரண்டு பைகளோடு தமக்கென்று ஒரு மேசை மின்விசிறியும் கொண்டுவந்திருந்தார். கணவர் அதை வாசலிலேயே வாங்கிப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

“டேய், ரெண்டு காலோட வந்திருக்கேன். உள்ள வரலாமா, இல்ல அதுக்கும் யூனிட் ஆகுமா?” என்றார் நாத்தனார்.

மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜ் அணைக்கப்பட்டது. காலியாகக் கிடப்பானேன் என்று கணவர் அதில் போர்வைகளை மடித்து அடுக்கினார். தொலைக்காட்சிப் பெட்டிக்கு வெள்ளைத் துணி போர்த்தப்பட்டது. சமையலறை விளக்கைத் தவிர மற்ற பல்புகளெல்லாம் கழற்றப்பட்டு முட்டை அட்டையில் வரிசையாக அமர்ந்தன. செல்போன்களுக்கு உயிர் கொடுத்தவர் தெருமுனையிலிருந்த முடிதிருத்துபவர். நாத்தனார் பிற்பகல்களில் வங்கிக்குப் போய்க் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்துகொண்டார். “அம்மா, உங்களுக்கு இங்க கணக்கு இருக்கா?” என்று காவலாளி கேட்டதற்கு, “ஆரம்பிக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்” என்றார். பதினொரு நாள் யோசித்தார்.

மாத முடிவில் கணக்கெடுக்க வந்தவர் மீட்டரை இருமுறை தட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்: ஒன்பது யூனிட். கணவர் அந்த ரசீதைச் சுவரில் ஒட்டினார். வண்டி வரும்வரை வீட்டில் எதையும் மாற்றக் கூடாது என்றார்; கூரை வேலை இழுத்ததால் நாத்தனாரும் அங்கேயே இருந்தார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. “மேற்படி முகவரியில் எவரும் வசிப்பதாகத் தெரியவில்லை. பூட்டிய வீட்டுக்கு வண்டி வழங்க விதியில்லை. வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் ஆய்வு செய்யப்படும்.”

மேலாளர் வைத்த கெடு அதற்கடுத்த திங்கட்கிழமையோடு முடியவிருந்தது. அக்கா கடிதத்தைக் கணவரிடம் நீட்டினார்.

“ரேங்க் வந்திருச்சு. இதையும் சுவத்துல ஒட்டுங்க.”

வியாழக்கிழமை வந்த அதிகாரி மெலிந்தவர், அதிகம் பேசாதவர். முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

“போர்வையை எதுக்கு இதுல வச்சிருக்கீங்க?”

“இடம் வீணாகக் கூடாதுன்னு சார்” என்றார் கணவர்.

அதிகாரி தொலைக்காட்சியின் வெள்ளைத் துணியைப் பார்த்தார். முட்டை அட்டையையும் பார்த்தார். “பேக்கிங்கே முடிஞ்சிருச்சு போல. ஒண்ணு, நீங்க வேற எங்கயோ இருந்துக்கிட்டு வண்டிக்காக இந்த அட்ரஸைக் காட்டறீங்க. இல்லேன்னா கம்பத்துல கொக்கி போட்டு கரண்ட்டைத் திருடறீங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிட்டா எனக்கு நேரம் மிச்சம்.”

சிக்கனத்துக்காகச் செய்த ஒவ்வொன்றும் குற்றத்துக்குச் சாட்சியாக வந்து நின்றது. கொல்லைப்புறம் போய்க் கம்பியையெல்லாம் அண்ணாந்து பார்த்த அதிகாரி, கொக்கி எதுவும் இல்லையென்று கண்டதும், “அப்ப முதல்ல சொன்னதுதான்” என்று பேனாவின் மூடியைக் கழற்றினார். அவர் உள்ளே வந்து படிவத்தை விரித்ததும், அக்கா தண்ணீர்க் குவளையை அதன்மேல் வைத்தார்.

“நாங்க இங்கதான் இருக்கோம் சார்.”

“அதை இந்த வண்டியால லாபம் இல்லாத ஒருத்தர் வந்து சொல்லணும்மா. நீங்க சொன்னா நான் எழுத முடியாது.”

அப்போது உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. மடித்த செய்தித்தாளால் விசிறியபடி நாத்தனார் வெளிப்பட்டார்.

“யாருமே இல்லையா? அப்ப ஒரு மாசமா இங்க வெந்துக்கிட்டு இருந்தது யாரு?”

“அக்கா, மெதுவா…” என்றார் கணவர்.

“நீ வாயை மூடு! விசிறியைப் புடுங்கிப் பரண்ல போட்டவன்தானே நீ! சார், ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து மூணு தடவை இந்த மேசையில இடிச்சிக்கிட்டேன். முட்டியைப் பாருங்க!”

அதிகாரியின் பேனா நின்றது. “இந்த வண்டியில உங்களுக்கு ஏதாவது லாபம் உண்டாம்மா?”

“லாபமா? அதால எனக்கு வந்ததெல்லாம் வேர்க்குரு!”

அதிகாரி படிவத்தை ஒதுக்கிவிட்டு, வாக்குமூலம் எழுத ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அதைக் கண்ட அக்காவுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

“அண்ணி, அந்த வெந்நீர் விஷயத்தைச் சொல்லலையே நீங்க.”

“அதை எப்படி மறப்பேன்! ஜலதோஷத்துல கூட வெந்நீர் கிடையாது சார்.”

“பேங்க் வாட்ச்மேன் உங்களைக் கேட்டாரே, அண்ணி…”

கணவர் மனைவியை நம்பமுடியாமல் பார்த்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்று முடியுமுன் அடுத்ததை எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தார். நாத்தனாரின் கோபத்தில் சொந்தச் சரக்கு ஏராளமாக இருந்தது. எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் கிடைத்ததும் அது அணையை உடைத்தது. தாள் நிரம்பியதும் அதிகாரி படிவத்தை மீண்டும் இழுத்து, ‘இவ்வீட்டில் ஆள்கள் வசிக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

“சனிக்கிழமை வண்டி வந்துரும்மா.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சார், எங்களுக்கு எத்தனாவது ரேங்க்?” என்று கணவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ரேங்கா? அதெல்லாம் கிடையாது சார். நூத்துக்குள்ள இருந்தா எல்லாருக்கும் வண்டி உண்டு.”

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். வாக்குமூலத்தை நாத்தனார் பக்கம் தள்ளிய அதிகாரி, “கீழ ஒரு கையெழுத்துப் போட்டுருங்கம்மா” என்றார்.

“அதுக்குள்ளயா? நான் இன்னும் ரெண்டாவது வாரத்துக்கே வரலையே!”

அக்கா எழுந்து போய், இன்னொரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து அதிகாரியின் முன் வைத்தார்.