பத்து நிமிடத்தில் நிற்க வேண்டிய பெட்டி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

என் மனைவி வீட்டிலிருந்தே ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுத்துவந்தாள். படங்கள் எல்லாம் ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்க் பெட்டியில் இருக்கும். கம்ப்யூட்டருக்கு வெளியே, மேசைமேல், தனி வயரில் மின்சாரம் வாங்கிக்கொண்டு சுற்றும். சும்மா விட்டால் பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும்படி அமைத்துக் கொடுத்தவன் என் மைத்துனன். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன். அப்போதுதான் டிஸ்க் நீடித்து உழைக்குமாம்.

எனக்கோ அந்த 'ஙொய்ங்...' சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும். நின்றால் விழித்துக்கொள்வேன். அதனால் வேலை முடிந்த பிறகும் அவள் அவ்வப்போது ஏதாவது ஒரு படத்தைத் திறந்து, அதை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வாள். "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் தொட்டில் ஆட்ட வேண்டியிருக்கு" என்பாள்.

அவள் போய் இரண்டு மாதம். நான் அழவில்லை. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், தூங்கினேன். மரத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான். அவள் சிரித்துப் பேசும் ஒரே வீடியோ அந்தப் பெட்டியில் இருந்தது. வேறு பிரதி கிடையாது. திறந்து பார்க்கத்தான் எனக்குத் துணிவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஸ்டூடியோக்காரர்கள் வந்து தங்கள் கம்ப்யூட்டரை எடுத்துப் போனார்கள். மேசையில் பெட்டி மட்டும் தனியாக மிஞ்சியது.

சுற்றிக்கொண்டிருந்தது.

நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் ஆனது. சத்தம் தணிந்தது... ஙொய்... ய்...

'டிக்.'

மறுபடி சுற்றத் தொடங்கியது.

படத்தைத் திறக்கக் கம்ப்யூட்டரே இல்லை. அப்புறம் யார் திறக்கிறார்கள்? பெட்டிமேல் கை வைத்தேன். சூடாக இருந்தது.

மின்வயரைப் பிடுங்கினேன். பெட்டியின் சின்ன விளக்கு அணைந்தது.

சத்தம் நிற்கவில்லை.

பயம் வரவில்லை. இப்படியே சுற்றினால் டிஸ்க் தேய்ந்து அவள் குரலும் போய்விடுமே என்றுதான் கவலை. மைத்துனனுக்குப் போன் போட்டேன். உடனே வந்து வீடியோவைக் காப்பி எடுக்கச் சொன்னேன்.



"மாமா... டிஸ்க் எங்கிட்டதான் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே அக்கா கழட்டிக் குடுத்துட்டா. பழசாயிடுச்சு, காப்பி எடுத்து வைன்னு சொன்னா. வீடியோ பத்திரமா இருக்கு. உங்க மேசைல இருக்குறது வெறும் கூடு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அக்காதான் வேண்டாம்னா. அந்தச் சத்தம் இல்லேன்னா உங்களுக்குத் தூக்கம் வராதாமே. 'அத நான் பாத்துக்குறேன்'னு சொன்னா."

போனை வைத்துவிட்டுப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே ஒன்றுமில்லை. சூடு மட்டும் இருந்தது.

அவள் போன நாளிலிருந்து ஓர் இரவுகூட நான் தூங்காமல் இருந்ததில்லை.